ஒரு நாளைக்கு நாலு ரூபாய்

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் முதல் கார் வாங்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பே ஒரு கேள்வி. ‘காரில் வரும் பாதுகாப்புத் தொழில்நுட்பங்களுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா?’ முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் வரவில்லை. போன ஆண்டு மகளோடு கார் பார்க்கப் போனபோது ஷோரூமில் வந்தது.

விற்பனைப் பிரிவுத் தம்பி பொறுமையாகத்தான் விளக்கினார். “பேஸ் மாடல் எடுத்தா இவ்வளவுதானுங்க சார். மிட் வேரியண்ட் போனா டச் ஸ்கிரீன், அலாய் வீல் வந்துருங்க. டாப் எண்டுல சன்ரூஃப் இருக்குங்க” என்றார். “தம்பி, வண்டி சறுக்கினால் பிடித்து நிறுத்துகிற இஎஸ்சி எந்த மாடலிலிருந்து வருகிறது?” என்று கேட்டேன். கையிலிருந்த டேப்லெட்டைக் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “அதுவும் டாப் எண்டுலதானுங்க சார், சன்ரூஃப் கூடவே வருதுங்க” என்றார்.

அந்தக் ‘கூடவே’ இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. வானம் பார்க்கும் கண்ணாடியும் உயிர் காக்கும் கருவியும் ஒரே பொட்டலத்தில், ஒரே விலையில். இன்று அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே இருப்பவற்றில் எது அரிசி, எது அலங்காரம் என்று தெரிந்தால்தான் பணம் தகுமா தகாதா என்று பேசவே முடியும்.

முதலில் ஒரு கணக்கு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்பனையாகிக்கொண்டிருந்த ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படியான சோதனை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்யம் வாங்கின. பத்திரிகைகளில் வந்த அந்த ஒரு வரியோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வரியைத்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். ஆல்ட்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் வண்டியின் கூடே நொறுங்கிவிட்டது. அவற்றில் ஏர்பேக் வைத்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. ஃபிகோவிலும் போலோவிலும் கூடு தாக்குப்பிடித்தது. அதனால் அதே போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மறுபடியும் மோதிப் பார்த்தார்கள். நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

அதே கார், அதே எஞ்சின், அதே தகடு. பூஜ்யத்துக்கும் நான்குக்கும் நடுவில் இருந்தது இரண்டு பைகள். போலோவைத் தயாரித்த நிறுவனம் ஏர்பேக் இல்லாத மாடலை விற்பதை நிறுத்தியது. அன்றைய புதிய ஆரம்ப விலை 5,14,300 ரூபாய். முன்பு இருந்ததைவிட 2.7 விழுக்காடு அதிகம், ஏறத்தாழ 13,500 ரூபாய். ஒரு காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. இந்தக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் அந்தக் காசுக்கு அரை டீ கிடைக்காது.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. உண்மையில் உயிர் காப்பவை பெரும்பாலும் மலிவானவை என்பது ஒன்று. கூடு சரியில்லாத வண்டியில் ஏர்பேக்கை எண்ணிக்கொண்டிருப்பது வீண் என்பது மற்றொன்று. விளம்பரத்தில் ‘ஆறு ஏர்பேக்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். கூட்டின் உறுதியைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

கூடு என்றதும் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். “அந்தக் காலத்து வண்டி சுத்த இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகரம், கட்டைவிரலால் அழுத்தினா உள்ளே போகுது.” என் தகப்பனாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 2009இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி இதற்கு நேரடியாகவே ஒரு விடை தேடியது. 1959ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு ஷெவர்லே மாலிபு காரையும் எதிரெதிரே ஓட்டி மோதவிட்டார்கள். பழைய வண்டி பார்வைக்குப் பட்டத்து யானை மாதிரி இருக்கும். மோதியதும் அதன் ஓட்டுநர் அறை அப்படியே மடிந்துபோனது. உள்ளே இருந்த பொம்மை ஒரு மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய வண்டியின் மூக்கு சப்பளிந்தது, அறை அப்படியே நின்றது.

மூக்கு நசுங்க வேண்டும், அறை நசுங்கக் கூடாது. இதை முதலில் தெளிவாக யோசித்தவர் மெர்சிடஸ் நிறுவனத்தில் இருந்த பேலா பாரெனி. 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும் மேல் தகட்டைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். நம்மைக் காக்கும் எஃகுச் சட்டம் அதற்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

முதலில் சொன்ன சோதனையின் 64 கிலோமீட்டர் வேகம் நமக்கு ஒரு வேகமாகவே தோன்றுவதில்லை. அவிநாசி சாலையில் காலியான நேரத்தில் எல்லாரும் போகிற வேகம். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். ஐந்து மாடி. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே நமக்குக் கால் கூசுகிறது. காரில் உட்கார்ந்தால் கூசுவதில்லை.

வண்டி மோதி நிற்கிறது, நாம் நிற்பதில்லை. 64இல் போய்க்கொண்டிருந்த உடம்பு அதே 64இல் முன்னால் போகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சீட் பெல்ட். நாம் இன்று போடும் மும்முனை பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் போர் விமானங்களிலிருந்து விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். வோல்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 1960 முதல் 2012 வரை கார்ப் பாதுகாப்புத் தொழில்நுட்பங்கள் காத்த உயிர்களைக் கணக்கிட்டபோது 6,13,501 என்று வந்தது. அதில் பாதிக்கு மேல் சீட் பெல்ட் ஒன்றே காத்தது. இத்தனை சென்சார், ரேடார், கேமரா வந்த பிறகும் வண்டியில் இருக்கும் மிகச் சிறந்த பாதுகாப்புக் கருவி அந்த நாடாதான்.

ஏர்பேக்கின் மேல் எஸ்ஆர்எஸ் என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்துக்குப் பொருள் ‘துணை’. பெல்ட்டுக்குத் துணை. நூற்றில் மூன்று பங்கு நொடி அளவில், கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரிகிறது அந்தப் பை. பெல்ட் போடாதவர் அதற்குள் முன்னால் சரிந்திருப்பார். விரிந்து வரும் பை அவரைத் தாங்குவதற்குப் பதில் அறையும். மடியில் குழந்தையோடு முன் சீட்டில் உட்காரும் தாய்மார்களைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது எட்டுக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. குழந்தைக்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. குழந்தை இருக்கை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. காதுகுத்துக்குக் கிடா வெட்டி ஊருக்கே விருந்து வைக்கும் நாம், அந்த இருக்கையை ஆடம்பரம் என்கிறோம்.

இந்த இடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி, எனக்கு மைத்துனர். அவரும் உடன் சென்றவர்களும் பழனிக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் வண்டி மோதியது. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், காயங்களோடு பிழைத்தார்கள். பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மைத்துனர் பிழைக்கவில்லை. பிறகு அந்த வண்டியைப் பார்க்கப் போனேன். பின் சீட் பெல்ட்டின் பக்கிள் எங்கே என்று தேடினேன். புதிதாகப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை வெளியே எடுத்ததில்லை.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் இப்படித்தான். ஏர்பேக்குகள் நிறைந்த, விலை உயர்ந்த வெளிநாட்டு நிறுவனக் கார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள், பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அதே 2022இல் பெல்ட் போடாததால் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. பெல்ட்டுக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. பேஸ் மாடலிலும் இருக்கிறது. கொடுத்த காசை இழுத்து மாட்டிக்கொள்ளாததால் போன உயிர்கள் அவை. போதாக்குறைக்கு, பெல்ட் போடாவிட்டால் கத்தும் பீப் சத்தத்தை நிறுத்த ஒரு போலிக் கொக்கியை விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை இணையக் கடைகளிலிருந்து அகற்றச் சொன்னபோது 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. சாவதற்கு வசதியாக ஒரு பொருளைச் செய்து, விலை போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நாமும் வாங்கினோம்.

சரி, பெல்ட்டும் கூடும் ஏர்பேக்கும் மோதிய பிறகு காப்பவை. மோதாமல் காப்பவை இரண்டைச் சொல்கிறேன். ஏபிஎஸ் 1978இல் மெர்சிடஸ் காரில் வந்தது. திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகிவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம். 2019 முதல் நம் நாட்டிலும் கார்களுக்குக் கட்டாயம். இஎஸ்சி அதன் அண்ணன். வளைவில் வண்டி நீங்கள் திருப்பும் திசையில் போகாமல் சறுக்கினால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை வழிக்குக் கொண்டுவரும். 1997இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, சாலையில் குறுக்கே வரும் காட்டு மானைத் தவிர்க்க வண்டியை ஒடித்துத் திருப்பும் சோதனை நடத்தியது. அதில் மெர்சிடஸின் புதிய ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்தச் சிறிய காரிலும் இஎஸ்சியைக் கட்டாயமாக வைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று எல்லாப் புதுக் கார்களிலும் உண்டு. ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் இஎஸ்சிக்கு வேண்டிய பாதிப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. மேலும் சில சென்சார்களும் மென்பொருளும் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து மழையில் குன்னூர் ஏறும் குடும்பத்துக்கு சன்ரூஃபா முக்கியம், இதுவா? இதைச் சன்ரூஃபோடு கட்டி விற்பது தவறு. நான் அதைத் தவறு என்றே சொல்வேன்.

இப்போது எதிர்வாதங்கள். இரண்டு வாதங்களை நான் மதிக்கிறேன்.

முதலாவது மாருதி சுசூகியின் தலைவர் ஆர்.சி. பார்கவா முன்வைத்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022இல் மத்திய அரசு வரைவு வெளியிட்டபோது, சிறிய காரின் விலை ஏறினால் மக்கள் டூவீலரிலேயே இருந்துவிடுவார்கள், அது இன்னும் ஆபத்தில்லையா என்றார். ஒரு டூவீலரில் கணவன், மனைவி, நடுவில் இரண்டு பிள்ளைகள் போவதைப் பார்த்தவர்கள் யாரும் இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. அமைச்சர் நிதின் கட்கரியோ ஓர் ஏர்பேக்குக்கு 800 ரூபாய் அளவில்தான் ஆகும் என்றார். நிறுவனங்கள் அதற்கும் பல மடங்கு சொன்னன. கடைசியில் அரசு கட்டாயமாக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? 2023 ஆகஸ்டில் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் தொடங்கியது. நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் மெல்ல வந்தது. 2025இல் ஆல்ட்டோ கே10 வரைக்கும் ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் வந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அரசும் தொழிலும் நினைத்தால் விலையை இறக்க வழி இருக்கிறது. இறக்க வேண்டிய இடம் வரி, லாபம், அலங்காரம்.

இரண்டாவது வாதம் பொருளியல் அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் சொன்னது. பாதுகாப்புக் கூடினால் மனிதன் துணிச்சலாக ஓட்டுவான், கிடைத்த நன்மை கரைந்துபோகும் என்றார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏபிஎஸ் உள்ள டாக்சிகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வில், ஏபிஎஸ் வண்டிகள் குறைவாக மோதவில்லை என்று தெரிந்தது. இதில் உண்மை இருக்கிறது. காலுக்கு உணர்வு தரும் வசதியை மனிதன் கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்கிறான். ஆனால் கதவுக்குள் இருக்கும் எஃகுக் கம்பியையும் மடங்கும் மூக்கையும் யாரும் நினைத்து வண்டி ஓட்டுவதில்லை. அவை அமைதியாகத் தம் வேலையைச் செய்கின்றன.

ரேடார், கேமரா வைத்து ஓட்டுநருக்கு உதவும் அடாஸ் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். கோடு போடாத சாலையில் கோட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பும் வசதி பாதி நேரம் சும்மா இருக்கும். வலதிலும் இடதிலும் டூவீலர்கள் நுழையும் நகரச் சாலையில் அடிக்கடி கத்தும், பலர் அணைத்தே வைத்துவிடுகிறார்கள். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். பம்பரில் சின்ன இடி என்றாலும் உள்ளே ரேடார் இருந்தால் செலவு பெரிது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் இதற்காக டாப் எண்டுக்குப் போக வேண்டாம் என்பதே என் யோசனை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னால் இருப்பதைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வசதி. பின்னால் போய் மோதும் விபத்துகளை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளக்கில்லாத லாரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? என்னைப் பொறுத்தவரை இது வெறும் புள்ளிவிவரமாக இருக்க முடியாது.

இந்த வசதியில்தான் நம் கேள்வியே மாறிப்போகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றில் 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். கார் போன்ற இலகு வாகனங்களில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர் சொச்சம். அதாவது, காருக்குள் இருப்பவர் தனக்காக ஏர்பேக் வாங்குகிறார். காருக்கு வெளியே நடப்பவருக்காக யார் வாங்குவது? தன் பையில் இருந்து பணம் எடுத்து, முகம் தெரியாத ஒரு சைக்கிள்காரருக்காக பிரேக் வாங்குகிறவர் மிகச் சிலர். இதை வாங்குகிறவரின் விருப்பத்துக்கு விடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் தானியங்கி அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 2029 செப்டம்பர் என்று கெடு வைத்திருக்கிறது. நாமும் ஒரு தேதி குறிக்க வேண்டும். நம் சாலைக்கும் நம் டூவீலர் கூட்டத்துக்கும் ஏற்றபடி அதைச் சோதித்துப் பார்க்க, சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ஆகவே கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். கூடு, எல்லாச் சீட்டுக்கும் பெல்ட், ஏபிஎஸ், இஎஸ்சி, ஏர்பேக். இவற்றுக்குக் கொடுக்கும் பணம் தகும், ஒவ்வொரு காசும் தகும். அவை பேஸ் மாடலில் இல்லாவிட்டால் அந்த வண்டியை வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்பதையும் ஷோரூமில் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மகள் வேறு நிறுவனத்தில் இஎஸ்சி உள்ள ஆரம்ப மாடலை எடுத்தாள். அதில் சன்ரூஃப் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இங்கே காரில் வந்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் பின் கதவைத் திறந்து, சீட் கவருக்கு அடியில் கை விட்டு, அந்தப் பக்கிளை வெளியே எடுத்து வையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னால் உட்காருகிறவர் மாட்டும் சத்தம் கேட்ட பிறகு வண்டியை எடுங்கள்.